நாள் தள்ளிப்போனது

வளர்மதியின் வயிற்றில் டாக்டர் ஜில்லென்று களிம்பைத் தடவினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமியார் பாப்பாயி ஸ்கேன் பெட்டிக்கு நேரெதிரே நின்றாள். பேரன் முதன்முதலில் முகம் காட்டும்போது தான் எதிரில் இருக்க வேண்டுமாம். பேத்தியாகவும் இருக்கலாம் என்ற யோசனையைக் குரும்பலூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம். இடது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று வளர்மதி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு அந்த வீட்டில் ஓம வாட்டர் தாராளமாகக் கிடைத்தது.

போன வாரம், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள். மறுநாளே மாதுளம்பழம் வந்தது. புருஷன் மணிமாறன் அவள் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டான். பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனால் குலுங்கும் என்று வாடகைக்கு அம்பாசிடர் பிடித்தார்கள்.

டாக்டர் கருவியை அடிவயிற்றில் ஓட்டினார். பிறகு இடது விலாப் பக்கம் நகர்த்தினார். அங்கேயே நின்றுவிட்டார்.

"சிங்கக்குட்டிதானுங்களே சார்?" என்றாள் பாப்பாயி. ஆணா பெண்ணா என்று கேட்கக்கூடாது என்ற பலகை அவள் தலைக்கு மேலே தொங்கியது.

"கர்ப்பமே இல்லைம்மா. மண்ணீரல்ல கட்டி."

மண்ணீரல் எங்கே இருக்கிறது என்று பாப்பாயிக்குத் தெரியாது. கர்ப்பம் இல்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. காரைத் திருப்பி அனுப்ப வெளியே போய்விட்டாள்.

டாக்டருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. இந்த மாதிரிக் கட்டியைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார். பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். பெண் பார்க்க வந்தவர்கள்போல இருவரும் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுக்குச் சொந்தக்காரி பக்கத்தில் படுத்திருப்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

பார்வைக்குப் புற்றில்லாத நல்ல கட்டியாகத்தான் தெரிகிறதாம். சி.டி. எடுத்து, மண்ணீரலோடு அகற்றிப் பரிசோதித்தால்தான் உறுதியாகுமாம். திருச்சியிலிருந்த தன் பேராசிரியருக்குப் போன் போட்டார். நாளைக்கே அனுப்பு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் பரபரத்தார். எட்டு வருஷத்தில் வளர்மதியை யாரும் இத்தனை ஆசையாக எங்கும் கூப்பிட்டதில்லை.

சீட்டு எழுத உட்கார்ந்த டாக்டர் கேட்டார்.

"நாள் தள்ளி எத்தனை மாசம்?"

அவள் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

"தள்ளலைங்க. மாசாமாசம் சரியா வருது."

டாக்டரின் பேனா நின்றது.

வளர்மதி களிம்பை முந்தானையால் துடைத்தபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதுன்னு ரெண்டு வருசமா சொல்லிப் பாத்துட்டேங்க."