மூன்றாவது பல்

“படம் வரையக் கத்துக்க வெளியில எதுக்குப் போகணும்? டீச்சரே வீட்டுக்கு வரட்டும்” என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியும் மகளும் தாளோடு உட்கார்ந்தால், எதிரே நாற்காலி போட்டு அவரும் உட்கார்ந்துவிடுவார்.

“ரொம்ப சுலபம். பொருளைத் தாள் மேல வெச்சு, சுத்திக் கோடு போடுங்க” என்றார் டீச்சர்.

கரண்டி, சீப்பு, கத்தரிக்கோல் எல்லாம் முடிந்தன.

“அப்பா, உங்க சாவி மட்டும்தான் பாக்கி” என்று கை நீட்டினாள் மகள்.

கண்ணெதிரேதானே என்று, இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மனைவி தலை நிமிராமல் வரைந்தாள். சாவியின் மூன்றாவது பல்லில் கோடு நீண்டுவிட்டது.

அவருக்குப் பொறுக்கவில்லை. “ஒரு கோடு உருப்படியாப் போடத் தெரியுதா உனக்கு? மூணாவது பல் இவ்வளவு நீளமாவா இருக்கு? தள்ளு!”

அழித்துவிட்டுத் தானே கச்சிதமாக வரைந்தார்.

“பிரமாதம் சார்! பக்கவாட்டுலயும் ஒண்ணு போட்டுடுங்க” என்றார் டீச்சர். அதையும் போட்டார். தாளை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார் டீச்சர்.

புதன்கிழமை. எட்டு வருடமாக மனைவியையும் மகளையும் உள்ளே வைத்து வீட்டுக்காரர் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகும் கதவு, மாலை ஆறு மணிக்கு முன்னால் ஒருநாளும் திறக்காத கதவு, காலை பத்து மணிக்குத் திறந்தது.

வாசலில் டீச்சர். கையில் பளபளவென்று புதுச் சாவி.

“குழந்தையைக் கூட்டிட்டுக் கிளம்பும்மா. நல்லவேளை, சார் திருத்திக் குடுத்தாரு. நீ போட்ட பல்லுக்கு இந்தப் பூட்டு திறந்தே இருக்காது.”