முப்பத்தோராவது தாள்

முப்பது தாள்கள் சரி. ஒன்று மட்டும் பிழை.

ஜீவராணி அந்தத் தாளைக் கட்டின் அடியில் செருகப் பார்த்தாள். அதற்குள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸவாஹிரா மேடம் எழுந்து வந்து கையை நீட்டிவிட்டார்.

பதுளையில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஜீவராணி விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் விரிவுரையாளர்களுக்கான பயிற்சியில் தேற வேண்டும். நடத்திய பாடம் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வகுப்பிலேயே கண்டுபிடிப்பதுதான் அதன் கடைசிச் சோதனை.

போன தடவை அவள், "எல்லாருக்கும் விளங்குச்சா?" என்று கேட்டாள். "விளங்குச்சு மிஸ்" என்றார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே பயிற்சியாளரான ஸவாஹிரா அவளைத் தேறவிடவில்லை. இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது.

இன்றைய பாடம் மண்சரிவு. ஆங்கிலத்தில் நடத்தி முடித்துவிட்டுப் பலகையிலும் ஆங்கிலத்திலேயே ஒரு கேள்வி எழுதிப் போட்டாள். 'வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் வெடிப்பு விழுந்திருக்கிறது. மரங்கள் சாய்ந்திருக்கின்றன. மழை விடவில்லை. அந்த வீட்டார் என்ன செய்வார்கள்?' எந்த மொழியிலும் எழுதலாம், இரண்டு வரி போதும் என்றாள்.

முப்பது பேர் மூன்று மொழிகளில் ஒன்றையே எழுதியிருந்தார்கள். உடனே வெளியேறுவார்கள்.

விதுஷா மட்டும் தமிழில் இப்படி எழுதியிருந்தாள்: 'காலையில் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பின்னேரம் வந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுப்பார்கள்.'

ஸவாஹிரா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. இந்தப் புள்ள எந்த இடத்துல பிழை விட்டிருக்கான்னு கண்டுபிடிங்க. அது தெரியாம அடுத்த பகுதிக்குப் போக ஏலாது" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.

வெளியே ஒரு வாரமாக விடாத மழை. சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்ததால் வகுப்பு புழுங்கியது. ஜீவராணிக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு அப்படியே பண்டாரவளைக்கு, தன் வீட்டுக்கு, பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது.

விதுஷா விடுதியில் தங்கிப் படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். ஆங்கிலம்தான் தடையாக இருக்கும் என்று நினைத்து ஜீவராணி தமிழுக்கு மாறினாள்.

"விதுஷா, கேள்வி விளங்கு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் என்ன கேட்டிருக்கேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்."

விதுஷா எழுந்து நின்றாள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வீட்டுக்குப் பின்னால மலை எறங்கப் போகுது. அங்க இருக்கிறவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டிருக்கீங்க மிஸ்."

சரியாகத்தான் சொன்னாள். ஆங்கிலம் தடையில்லை. அப்படியானால் பாடம்தான் ஏறவில்லை. எட்டு நிமிடம் இருந்தது.

"சரி. மலை எறங்கப் போகுதுன்னு எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

"மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி மொதல்ல நின்னுரும் மிஸ். பொறகு செவப்பா வரும். வாசல் நெலை இறுகிப்போயி கதவு சாத்த வராது. வீட்டுக் காம்பராச் சொவர்ல வெடிப்பு விழும். நேத்து ஒரு வெரல் போனா, இன்னைக்கு கையே போகும்."

ஜீவராணிக்கு மூச்சு வந்தது. அவள் பாடத்தில் சொன்னவை மூன்றே அடையாளங்கள். இந்தப் பெண் சொன்னவற்றில் பாதி அதில் இல்லை. எல்லாமே சரி.

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன் இப்படி எழுதுனீங்க?"

"என்ன செய்யணும்னு நீங்க கேக்கல மிஸ். என்ன செய்வாங்கன்னுதான் கேட்டீங்க."

தமிழ் தெரிந்த நாலைந்து பேர் குனிந்து சிரித்தார்கள். மற்றவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். ஸவாஹிராவின் பேனா தாளில் ஓடும் சத்தம் அந்த மழையிலும் ஜீவராணிக்குக் கேட்டது. பிழை பிள்ளையிடம் இல்லை, கேள்வியில். அதைப் பலகையில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். அழிக்கவும் முடியாது.

இரண்டு நிமிடம் இருந்தது. சோதனை போனது போனதுதான். பாராட்டியாவது முடித்துவைப்போம் என்று முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"நல்லாச் சொன்னீங்க விதுஷா. நான் சொல்லாததையும் தேடி வாசிச்சிருக்கீங்க. மத்தவங்களுக்கும் உதவும், எந்தப் புத்தகம்னு சொல்லுங்க."

விதுஷா உட்காரவில்லை. சாத்தியிருந்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்துல இல்ல மிஸ். இன்னைக்கு காலையில அம்மா போன்ல சொன்னாங்க."