வெளுத்த இடம்

"ஒட்டியிருக்கற அழகைப் பாரு தாயே" என்றார் கஞ்சன், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்லைடில் வரும் சதைக்கு மதிப்பெண் போட மனசே வராது என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு அந்தப் பெயர். இரட்டைத் தலை நுண்ணோக்கி ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்து நாங்கள் பல வருடமாக ஸ்லைடு பார்க்கிறோம்.

நானும் குனிந்தேன்.

நீலப் புள்ளிகளாய்ச் செல்களின் கருக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி, பேனா முள்ளால் இழுத்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே எதுவும் கசியாமல் இறுக்கி வைக்கும் புரதம் இருக்கும் இடம் அது. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் நாங்கள் ஸ்லைடில் ஊற்றும் ஆன்டிபாடி வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காது. நேரே போய் அதன் கையை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில்தான் பழுப்பு ஏறும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ஆனால் இது வயிற்றுப் புற்று. நூறு செல்லில் முக்கால்வாசியாவது பழுப்பேறியிருந்தால்தான் புது மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்தும் இதே புரதத்தைத் தேடித்தான் போகும். குறைந்தால் மருந்து கிடையாது.

ஸ்லைடில் பெயர் இல்லை, எண் மட்டும். வெளி மருத்துவமனையிலிருந்து வந்த சதை. யாருடையது என்று எனக்குத் தெரியும். காலையில் கஞ்சனின் மனைவிதான் போனில் அந்த எண்ணைச் சொன்னாள்.

"இதுதான்னு அவருக்குத் தெரிய வேணாம்க்கா. நல்லபடியா வந்துடும்ல?"

ஆளுக்கொரு கவுன்ட்டரைக் கையில் எடுத்தோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாதனம். பழுப்பேறிய செல்லைக் கண்டால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. எண்ணி முடிக்கும்வரை ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

ஸ்லைடை அவர்தான் நகர்த்தினார்.

டிக். டிக். டிக்.

"சாயம் ஏத்தினது யாரு? சுத்தமான வேலை. ஒரு சிதறல் இல்ல."

ஓரிடத்தில் அவர் கை வெகுநேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.

நூறு முடிந்தது என்று அவர் சொன்னதும் என் கையைத் திறந்து காட்டினேன். எண்பத்தொன்று.

"உன் தாராளம் தெரிஞ்சதுதானே" என்று சிரித்தபடி அவர் தன் கையைத் திறந்தார்.

பூஜ்யம்.

ஒருமுறைகூட அவர் அழுத்தவில்லை. அறையில் கேட்டதெல்லாம் என்னுடைய சத்தம்தான்.

"என் வயித்துக்கு நானே மார்க் போட்டுக்கலாமா? நம்பர் எனக்கும்தான் தெரியும்."

திறந்த கையை மூடிக்கொண்டேன்.

"பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்களே, அவங்க பார்க்கட்டும். யாருதுன்னு மட்டும் சொல்லிடாதே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் எண்ணும் வேணாம். நடுவுல ஒரு வெளுத்த இடத்துல நிறுத்தினேன். பழுப்புன்னு ஒண்ணுகூட இல்ல. அங்கேயும் உன் டிக் டிக் நிக்கலையே தாயே."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கவுன்ட்டரின் திருகைத் திருப்பினேன். எண்பத்தொன்று உருண்டு பூஜ்யமானது. பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட எழுந்தேன்.

அவர் சொன்ன வெளுத்த இடம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. முதல் பத்துப் பன்னிரண்டு செல்லுக்குப் பிறகு நான் நுண்ணோக்கிக்குள் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருக்க, எதிரே குனிந்திருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; தன் வயிறு என்று தெரிந்தே அந்தக் கோடுகளை ரசித்துக்கொண்டிருந்த முகத்தை.