தூத்துக்குடி தொகுதி நிலவரம்

“2009இல் முதல் தேர்தலைச் சந்தித்தது தூத்துக்குடி மக்களவைத் தொகுதி. இதில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறிலும் மக்கள் என்ன சொல்கிறார்கள்?”

கேமரா முன் மூச்சுவிடாமல் பேசினாள் டி.வி. நிருபர் டயானா. மதியம் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி ஒளிபரப்பாக வேண்டும்.

திரேஸ்புரம் மீனவர் கடுகடுத்தார். “தடைக்காலத்துல கரையில சும்மா கெடக்கோம். எவன் வந்து எட்டிப் பார்த்தான்? இந்தத் தடவ ஆள மாத்திருவோம்.”

“ஸ்ரீவைகுண்டம் விவசாயி என்ன சொல்கிறார்?”

தலைப்பாகைக்காரர் சிரித்தார். “பழைய ஆளே வரட்டும் தாயி. இந்த வருசம் நெல்லுப்பாடு நல்லாருக்கு.”

அடுத்தது திருச்செந்தூர் லாட்ஜ்காரர். நெற்றி நிறைய விபூதி. “எங்க ஓட்டு சுயேச்சைக்குத்தான்.”

கோவில்பட்டி தீப்பெட்டி முதலாளி கூலிங் கிளாஸோடு வந்தார். “நோட்டா.”

விளாத்திகுளமும் ஓட்டப்பிடாரமும் பத்தே நிமிடத்தில் முடிந்தன. கேமராமேன் டிக்சன் லென்ஸை மூடினான்.

“மேடம், அந்த நெல்லுப்பாட மட்டும் வெட்டிருங்க. வலையில விழுற மீனுக்குத்தான் பாடுன்னு சொல்லுவாங்க, நெல்லுக்கு வெள்ளாமைதான்.”

“எனக்கு வாயில அதான்ல வருது,” என்றபடி திரேஸ்புரம் கரையில் தன் படகின் மேல் சாய்ந்தார், ஆறு ஊர்க்காரராகவும் பேசி முடித்த ரோச் அண்ணாச்சி. நெற்றி ஓரத்தில் கொஞ்சம் விபூதி இன்னும் ஒட்டியிருந்தது.

“சரி அண்ணாச்சி, நெசமாவே யாரு ஜெயிப்பா?” என்று கேட்டாள் டயானா.

அவர் விபூதியைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்ல முடியாதும்மா. காலையிலேருந்து நானும் கேக்கேன், ஆளுக்கு ஒண்ணு சொல்லுதானுவ. இழுபறிதான்.”