வலது பக்கத்து மெடல்

"அங்கிள், உங்க தாத்தா ஜவுளிக்கடைதானே வச்சிருந்தாரு? துணி கிழிச்சதுக்கா வெள்ளைக்காரன் மெடல் குடுத்தான்?"

ஹரிப்பிரியா கேட்ட கேள்வியில, கெல்லிவில் பார்க்ல டீ குடிச்சிட்டிருந்த தமிழ்க் கூட்டம் மொத்தமும் திரும்பிடுச்சு.

அன்னிக்கு ஆன்சாக் டே. இந்த நாட்டுல, சண்டைக்குப் போனவங்களை நினைச்சு ஊர்வலம் போற நாள். போனவங்க மெடலை இடது நெஞ்சுல குத்திப்பாங்க, அவங்க வாரிசுங்க வலது நெஞ்சுல. முரளிதரன் அங்கிள் கோட்ல, வலது பக்கம், வெள்ளி மெடல் ஒண்ணு பளபளன்னு ஆடுச்சு. பிரிட்டிஷ் ராணுவத்துல வீரத்துக்குக் குடுத்த மிலிட்டரி மெடல்.

ஹரிப்பிரியாவோட கொள்ளுத்தாத்தாவும் பர்மா சண்டையில அதே மெடல் வாங்கினவர்தான். அப்பாவுக்கு வேலை போன வருஷம், வீடு மாத்தும்போது அது தொலைஞ்சுபோச்சாம். யுனிவர்சிட்டில ஹிஸ்டரி படிக்கிறவளுக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறல.

"மெல்லப் பேசும்மா." அப்பா பாஸ்கர் அவ கையைப் பிடிச்சார்.

"நான் ஏன்ப்பா மெல்லப் பேசணும்? எங்க கிடைச்சுது அங்கிள் இது?"

"ஏலத்துல எடுத்தேம்மா," முரளிதரன் தயங்கினார்.

"சபாஷ்! அடுத்தவங்க வீட்டு வீரத்தைக் காசு குடுத்து மாட்டிக்கிட்டீங்களா? வாங்கின உங்களுக்கும் வெக்கமில்ல, வித்தவனுக்கும் வெக்கமில்ல!"

பாஸ்கர் பிடிச்சிருந்த அவ கையை விட்டுட்டார்.

"விளிம்புல பேர் வெட்டியிருக்கும். யாரோடதுன்னு எல்லாரும் கேக்கட்டும். காட்டுங்க!"

"வேணாம்மா, எழுத்தெல்லாம் தேஞ்சிருக்கு." அவர் மெடலைக் கையால மூடிக்கிட்டார்.

அவ விட்டாத்தானே! கையை விலக்கி, மெடலைத் திருப்பிப் பிடிச்சு, சத்தமா ஆரம்பிச்சா.

"மெட்ராஸ் சாப்பர்ஸ், நாயக்..."

படைப்பிரிவு, பதவி வரைக்கும் படிச்சவ, பேர்ல நின்னுட்டா. அவங்க வீட்டு ஹால்ல, கொள்ளுத்தாத்தா போட்டோவுக்குக் கீழே தினமும் பாக்குற பேர்.

அப்பாவைப் பார்த்தா. அவர் புல்லைப் பார்த்துட்டிருந்தார்.

"யார் பேருடி?" கூட்டத்துல இருந்த விமலா ஆன்ட்டி எட்டிப் பார்த்தாங்க.

வாய்க்கு வந்ததை அப்படியே கொட்டுறவ, முதல் தடவையா முழுங்கினா.

"தேஞ்சிருக்கு ஆன்ட்டி. படிக்க முடியல."

"அப்ப எதுக்கு இந்தக் குதி குதிச்ச?" கூட்டம் டீக்குத் திரும்பிடுச்சு.

"ஏன் அங்கிள் எங்ககிட்ட குடுக்கல?" ஹரிப்பிரியா அவர் காதுகிட்ட கேட்டா.

"நாலு தடவை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேம்மா. வித்துட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு திரும்ப வாங்குறதுன்னு உங்கப்பா திருப்பி அனுப்பிட்டார். இன்னிக்கும் உங்க கொள்ளுத்தாத்தா டப்பாக்குள்ளயே கிடக்க வேணாமேன்னுதான் நான் கூட்டிட்டு வந்தேன்."

தூரத்துல ஊர்வலத்தோட பேண்ட் சத்தம் ஆரம்பிச்சது. ஹரிப்பிரியா அவர் கோட்ல இருந்து ஊக்கைக் கழட்டினா. நேரா அப்பா முன்னாடி போய் நின்னு, வலது பக்கம் குத்திவிட்டா.

"நிமிந்து நில்லுங்கப்பா. அவரு நடக்கணும்."