இரண்டு முழம் பிச்சி

கூடையைக் கையில் வாங்கியதும் உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.

அவர் அப்படியே நின்றார்.

இரண்டு வருஷமாக அந்த ஒயர்க்கூடை சாயங்கால பஸ்ஸில் காலியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. காலையில் ஏழரை பஸ்ஸில் சங்கரன்கோவிலிலிருந்து போகும். இரண்டு முழம் பிச்சிப்பூ, ஈரத்துணி சுற்றி, மேலே வாழையிலை மூடி. மொட்டாகக் கட்டினால்தான் சாயங்காலம் தலையில் விரியும். கண்டக்டர் வெள்ளத்துரை அதைக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்கடை ஆணியில் மாட்டுவான். திரும்பும்போது காலிக்கூடையை எடுத்து வருவான்.

ஒரு துண்டுச் சீட்டு வைத்ததில்லை. பெயர் எழுதியதில்லை. நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய அந்தக் கூடையில்தான் அவர் மகள் கோமதி பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோனாள்.

இப்போது கோவில்பட்டியில் இருக்கும் அவள், தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போய்வருகிறாள் என்று கேள்வி. பார்த்தால் தெரியாதா?

தெரியலாம். பூக்காரியே அறுத்து விற்றுக்கொண்டும் இருக்கலாம்.

அவர் கேட்டதில்லை. ஒரு தடவை வெள்ளத்துரை தானாகவே ஆரம்பித்தான். "அண்ணாச்சி, அந்தப் பூவ அங்க..."

"கூடை வந்துட்டுல்லா. பொறவென்ன?" என்று வெட்டிவிட்டு நடந்தார்.

வீம்பு என்று அவன் நினைத்திருப்பான். பயம்தான். அவள் தொடுவதே இல்லை என்று சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது?

தாயில்லாத பிள்ளை. அவர்தான் தலை பின்னிவிட்டார். வகிடு கோணும். ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று கீழே தொங்கும். பூ மட்டும் பிசகாது. எல்லாக் கோணலையும் உங்கப்பா பூவிலேயே மறைச்சிடுறாரு என்று டீச்சர் சிரித்தாளாம்.

பிறகு ஒருநாள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். தனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று தெருவே கேட்கச் சொன்னார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லை?

அவள் போன நாலாம் மாதம் பூக் கட்ட உட்கார்ந்தார்.

இப்போது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கூடைக்குள் கையை விட்டார். காலையில் அவர் மூடி அனுப்பிய அதே வாழையிலை, மடித்திருந்தது. பிரித்தார்.

இரண்டு கண்ணாடி வளையல். ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

விளிம்பில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மனைவி இருந்த காலத்தில் இப்படி இரண்டு வளையல் வீட்டுக்கு வரும். வளைகாப்புக்குப் போய்வருகிறவர்களுக்குக் கொடுப்பது.

அவர் போகவில்லை. ஆனாலும் கொடுத்திருக்கிறாள்.

எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தினமும்.

நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரைக் கூப்பிடுவது? பெண்ணே இல்லை என்றவருக்குப் பேரப்பிள்ளை எங்கிருந்து வரும்?

வளைகாப்பு என்றைக்கு நடந்தது? நேற்றா, ஞாயிற்றுக்கிழமையா? ஏழாம் மாதமா, ஒன்பதா? எதுவும் தெரியாது. அன்றைக்குத் தலைகொள்ளாத பூ வைத்திருப்பார்கள்.

அன்றைக்கும் அவர் இரண்டு முழம்தான் அனுப்பியிருக்கிறார்.

அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அந்த ஆள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தார். வளையலைப் போட்டுக்கொள்ள அங்கே ஒரு கை இல்லை. சாமி படத்து ஆணியில் மாட்டினார். மின்விசிறிக் காற்றில் அவை லேசாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மிச்சமும் உறைத்தது.

வளையல் அடுக்கி முடித்தால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். அதற்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.

அவளுக்கு யார் வந்திருப்பார்கள்?

வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போயிருப்பார்கள். கை நிறைய வளையலோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவருக்கு அந்த வாசல்கூட எப்படி இருக்கும் என்று தெரியாது.

காலையில் ஐந்து முழம் கட்டினார். உள்ளறையில் கோமதியின் கட்டிலில் அடைந்துகிடந்த சாமான்களை இறக்கிவைத்தார். விரிப்பை மாற்றினார்.

ஏழரை பஸ் வந்தது. வெள்ளத்துரை வழக்கம்போலக் கையை நீட்டினான்.

அவர் கூடையைக் கொடுக்கவில்லை.

ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அதைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். பூக்கடையில் கேட்டால் வீடு தெரிந்துவிடும். கதவைத் திறப்பாளா, அவள் புருஷன் என்ன சொல்வான், முதல் வார்த்தையாக எதைப் பேசுவது என்பதெல்லாம் தெரியவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது.

வெள்ளத்துரை வந்து நின்றான். அவரைப் பார்த்தான். பக்கத்து இருக்கையிலிருந்த கூடையைப் பார்த்தான்.

"ஒரு டிக்கெட்டுதான அண்ணாச்சி?"

அவர் கூடையின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"போறதுக்கு ஒண்ணு."