கறுப்புக் கட்டத்துக்கு அடியில்

“இந்தக் கறுப்புக் கட்டமெல்லாம் போட்டது யாரு?”

கூட்டத்தில் டைரக்டர் கிரெட்சன் மேடம் போட்ட சத்தம் கூரையைத் தொட்டது.

போட்டது நான்தான். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

“மேடம், அது வந்து...”

“வெர்னா, வாயை மூடு! உனக்கு இங்க என்ன வேலை? முதல்ல வெளியே போ!”

கத்தியது ஹாஸ்கின்ஸ். என் மேலதிகாரி. எப்போதும் ‘வாங்க, போங்க’ என்று பேசுகிற மனுஷன், பதினோரு பேர் முன்னால் ‘போ’ என்கிறார்! காது மடலெல்லாம் சுட, வெளியே வந்தேன்.

என்னைப் பேசவிடாமல் என் தலையிலேயே கட்டப்போகிறார், வேறென்ன? நானோ ஒப்பந்த ஊழியை. தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வேலை போனால் இன்சூரன்ஸ் போச்சு. அப்புறம் என் வீட்டுக்காரர் லாயிடுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ் எப்படி நடக்கும்?

விஷயம் இதுதான். விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் கையேடு. எந்தப் பையைத் திறக்கணும், எந்த அட்டை காட்டினால் சோதிக்காமல் விடணும், எல்லாம் அதில் இருக்கும். தொண்ணூத்தி மூணு பக்கம். டெண்டர் போடுகிற கம்பெனிகள் பார்ப்பதற்காக, ரகசிய வரிகளை மறைத்துவிட்டு இணையத்தில் ஏற்ற வேண்டும்.

ஹாஸ்கின்ஸ் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். எல்லாப் பக்கத்தையும் அச்செடுக்கணும். தடி மார்க்கரால் கறுப்படிக்கணும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும். ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் பண்ணி, அப்புறம்தான் ஏற்றணும்.

“சார், நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? கம்ப்யூட்டர்லயே கறுப்புக் கட்டம் போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

“காகிதத்துல மறைச்சாதான் மறையும். சொன்னதைச் செய்ங்க.”

எதிலும் இப்படித்தான். லாயிடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் போதும், “பெர்மிஷன் ஃபாரம் எங்கே?” என்பார். ஒரு தடவை கடுப்பில் தேதிகூடப் போடாமல் கையெழுத்தை மட்டும் போட்டு நீட்டினேன். முறைத்துவிட்டு டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள், ஜூரியில் உட்கார அழைப்பு வந்து அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். “இன்னிக்கே ஏத்தியாகணும்” என்று மேடத்திடமிருந்து எங்கள் பிரிவுக்குப் பத்து மெயில். வீட்டில் பண்டிகை விருந்துக்கு வாங்கிய வான்கோழி ஐஸ் விடாமல் கல்லாகக் கிடக்கிறது. பார்த்தேன். அவசரத்துக்கென்று அவர் சொல்லிவைத்திருந்த அவருடைய பாஸ்வேர்டில் உள்ளே போய், கறுப்புக் கட்டங்களைப் போட்டு, ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எவனோ ஒரு வேலையத்தவன் அந்தக் கட்டத்தின் மேல் மவுசை இழுத்து, காப்பி செய்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறான். அடியில் இருந்த எழுத்து அப்படியே வந்துவிட்டது! திங்கட்கிழமை நாடே படித்தது.

“அது பழைய கையேடு. பயப்பட ஒன்றுமில்லை” என்று எங்கள் துறை அறிக்கை விட்டது. பழசாம்! புதுசு எங்கே என்று கேட்டால் எங்கள் ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கூட்டம். அன்றிலிருந்து வேலைநீக்கக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. விசாரணைக் கமிட்டியும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பதில் ஹாஸ்கின்ஸ் ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார் என்று சேதி வந்தது.

“பார்த்தீங்களா, என்னை மாட்டிவிட்டுட்டு நைசா நழுவுறார்” என்று காபி மெஷின் பக்கம் வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் புலம்பினேன். வழியனுப்பு கேக்கைக்கூடத் தொடவில்லை.

கடைசி நாளன்று என் மேஜைக்கு வந்தார்.

“வெர்னா, சீக்கிரம் கிளம்புற அன்னிக்கு ஃபாரம் குடுக்க மறந்துடாதீங்க.”

“போகும்போதுமா சார் ஃபாரம்?” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமலே.

பிப்ரவரியில் விசாரணை அறிக்கையை இணையத்தில் போட்டார்கள். ‘இனி இப்படி ஒரு தவறு நேராது’ என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்து. படபடப்போடு புரட்டினேன். பெயர், வாக்குமூலம் எல்லாம் கறுப்புக் கட்டங்கள்.

கை சும்மா இருக்குமா? மவுசை இழுத்தேன். காப்பி செய்து ஒட்டினேன்.

அடப்பாவிகளா! அத்தனை எழுத்தும் வந்து நின்றது. மறுபடியும் அதே கூத்து! இதுக்கு ஒரு விசாரணை, அதுக்கு ஒரு கமிட்டி! தலையில் அடித்துக்கொண்டே படித்தேன்.

கேள்வி: கட்டங்களைப் போட்டு ஏற்றியது யார்?

ஹாஸ்கின்ஸ்: நான்தான். கோர்ட்டிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன்.

கேள்வி: அப்போது உங்கள் பிரிவில் வெர்னா டில்மன் இருந்தாரா?

ஹாஸ்கின்ஸ்: இல்லை. கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்விட்டார். ஃபாரம் இணைத்திருக்கிறேன்.

அடுத்த பக்கத்தில் ஃபாரம் இருந்தது. கையெழுத்து என்னுடையது. தேதி மட்டும் அவர் எழுத்து.

திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்தையும் இழுத்தேன்.

ஹாஸ்கின்ஸ்: காகிதத்தில்தான் மறைக்கணும் என்று வெர்னா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான்தான் கேட்கவில்லை.